கடைசலும் அரக்கும்: வண்ண மரப்பாண்டங்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு இரண்டு திருவிழாக் கடைத்தெருக்கள் மறக்க முடியாதவை. ஒன்று, ஹஸ்ரத் தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவைச் சூழ்ந்து கந்தூரிக் காலத்தில் விரியும் கடைகள். மற்றொன்று, காவிரிப் பாலத்துக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நாட்களில் நீளும் கடைகள். இரண்டிலும் தவறாமல் ஒரு சரக்கு இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ணங்களில் பளபளக்கும் மரச் சொப்புகள்: சிறு குடம், சிறு கிண்ணம், அடுப்பு, அம்மி, உரல், உலக்கை. எங்கள் நன்னிமா என் தங்கைக்கு ஒரு கந்தூரியில் வாங்கித் தந்த சொப்புப் பெட்டியும், எங்கள் அடுத்த வீட்டு ஐயங்கார் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு ஏகாதசிக் கடையில் வாங்கிய சொப்புப் பெட்டியும் வேறுபாடு சொல்ல முடியாதபடி ஒன்றாகவே இருந்தன. இரு குழந்தைகளும் ஒரே திண்ணையில் அமர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியபோது எது யாருடையது என்று சண்டை வந்ததும் நினைவிருக்கிறது.

அந்தச் சொப்புகளின் வண்ணம் கையில் ஒட்டாது, நீரில் கரையாது, எங்கும் தூரிகையின் தடம் தெரியாது. வண்ணத்துக்கு இடையிடையே மெல்லிய கறுப்பு வளையங்கள் ஓடும். அவை மையால் எழுதியவை அல்ல. நகத்தால் தடவினால் சிறு பள்ளம் தட்டுப்படும். இவற்றைச் செய்தவர் யார், வண்ணம் எப்படி மரத்தோடு இப்படி ஒன்றியது என்ற கேள்விகளை அந்த வயதில் நான் கேட்கவில்லை. பிற்காலத்தில் அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும்போது மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியே என்னை இந்த ஆய்வுக்கு இட்டுச் சென்றது. அக்கேள்வியைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்சியாகச் செதுக்குவதைக் 'கடைதல்' என்கிறோம், அத்தொழில் 'கடைசல்'. தயிரைக் கடைவதும் இதே சொல்தான். இது தற்செயல் அன்று. பழைய கடைசல் பொறியில் மரத்துண்டைச் சுற்றிக் கயிற்றை வளைத்து, மத்தைக் கடைவதுபோல ஒருவர் முன்னும் பின்னுமாக இழுப்பார். மற்றவர் தரையில் அமர்ந்து உளி பிடிப்பார். மரம் ஒரு பக்கம் சுழலும்போது உளி வெட்டும். திரும்பிச் சுழலும்போது உளி விலகிக் காத்திருக்கும். கயிற்றின் அசைவே தொழிலுக்குப் பெயரைக் கொடுத்தது.

அரபியில் இத்தொழிலாளிக்குப் பெயர் 'கர்ராத்'. 'கரத்த' என்ற வினைக்கு அடிப்படைப் பொருள், கிளையைக் கையால் பற்றி ஓர் இழுப்பில் இலைகளை உருவியெடுத்தல். முள்நிறைந்த 'கதாத்' செடியை வெறுங்கையால் உருவுவதைவிடக் கடினமானது என்று, முடியாத செயலைக் குறிக்க அரபியர் வழங்கும் முதுமொழியிலும் இதே சொல்லே வருகிறது. தோலும் பிசிறும் உருவப்பட்டு மரம் வழுவழுப்பாவதால் கடைசலுக்கு அப்பெயர் வந்தது. பாரசீகம், உருது வழியாக வழங்கும் 'கராத்', 'கராதி' என்ற சொற்கள் வட இந்தியக் கடைசல் தொழிலாளருக்கு இன்றும் பெயராக உள்ளன. குஜராத்தின் சங்கேடா என்னும் ஊரில் வண்ணக் கடைசல் மரச்சாமான் செய்யும் கராதி சமூகத்தார் இதற்குச் சான்று.

வண்ணப் பூச்சின் பெயரோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. அரக்கு நம் நாட்டுப் பொருள். இலந்தை, புரசு, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் மொய்க்கும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசினே அது. அகநானூற்றுப் பாடல் ஒன்று செம்மண் பெருவழியை அரக்கின் நிறத்தோடு ஒப்பிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடற்பயண நூல்' இந்தியாவிலிருந்து செங்கடல் துறைமுகங்களுக்குச் சென்ற சரக்குகளில் வண்ண அரக்கையும் குறிப்பிடுகிறது. வடமொழியில் 'லாக்ஷா', பிராகிருதத்தில் 'லக்கா' என வழங்கிய சொல்லே அரபியில் 'லக்' ஆயிற்று. ஆக, கடைசல்காரருக்கு மேற்கிலிருந்து ஒரு பெயர் வந்தது. அவர் பூசும் பொருளின் பெயர் இங்கிருந்து மேற்கே சென்றது. ஒரு கலை எங்கே பிறந்தது என்று ஒற்றை ஊரைச் சுட்டிச் சொல்ல முற்படுவோர் இந்தச் சொற்களின் போக்குவரத்தை முதலில் நோக்க வேண்டும்.

மரப்பாத்திரமும் நபிவழியும்

மாணவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஸ்ரத், அரக்குப் பூசிய மரக்கிண்ணத்தில் உண்ணலாமா? கீல் பூசிய பாத்திரத்தையும், குடைந்த மரப் பாத்திரத்தையும் தடுத்து ஹதீஸ் வந்திருக்கிறதே!"

அவர் குறிப்பிட்டது அப்துல் கைஸ் குலத்தாரின் தூதுக்குழு பற்றிய புகழ்பெற்ற அறிவிப்பு. நபி (ஸல்) அவர்கள் அக்குழுவினருக்கு நான்கு வகைப் பாத்திரங்களைத் தடுத்தார்கள்: சுரைக்குடுக்கையாகிய துப்பா, மெருகிட்ட சாடியாகிய ஹன்தம், பேரீச்ச அடிமரத்தைக் குடைந்த நகீர், கீல் பூசிய முஸஃப்பத். தடைக்குக் காரணம் பாத்திரத்தின் மரமோ பூச்சோ அன்று. பேரீச்சம்பழத்தை ஊறவைத்த நீர் இத்தகைய பாத்திரங்களில் விரைவாகப் புளித்து, உடையவர் அறியாமலே போதைப் பொருளாக மாறிவிடும் என்பதே காரணம். பின்னர் இத்தடை நீக்கப்பட்டதையும், பாத்திரம் எதையும் ஆகுமாக்குவதோ விலக்குவதோ இல்லை, போதை தருவதே விலக்கப்பட்டது என்ற விளக்கத்தையும் புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிம் தொகுப்பில் தருகிறது. சட்டத்தின் கவனம் பாத்திரத்தின் உள்ளே இருப்பதன்மீது, மேற்பூச்சின்மீது அன்று.

இதே தலைப்பில் மற்றொரு செய்தி என் உள்ளத்தை எப்போதும் தொடும். நபி (ஸல்) அவர்கள் அருந்திய கோப்பை பிற்காலத்தில் அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது நுளார் என்னும் உயர்வகை மரத்தால் ஆன, அகன்ற, நல்ல வேலைப்பாடுள்ள கோப்பை. அதில் விரிசல் கண்டிருந்ததால் வெள்ளிக் கம்பியால் இணைத்திருந்தார்கள். அக்கோப்பையைத் தாம் கண்டதை ஆஸிம் அல்அஹ்வல் அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். அதில் இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அதை மாற்றிப் பொன் அல்லது வெள்ளி வளையம் இட அனஸ் (ரலி) விரும்பியபோது, அல்லாஹ்வின் தூதர் வைத்ததை மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) தடுத்தார்கள். அனஸ் (ரலி) அப்படியே விட்டுவிட்டார்கள்.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்ட சமுதாயத்தில் மரத்துக்கும் மண்ணுக்கும் செம்புக்கும் தனி மதிப்பு உண்டாயிற்று. விலையில்லாத பொருளில் வேலைப்பாட்டால் அழகு சேர்க்கும் கலைகள் முஸ்லிம் நாடுகளில் செழித்ததற்கு இதையும் ஒரு காரணமாகக் கலை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கெய்ரோவின் மஷ்ரபிய்யாச் சாளரங்கள் கடைந்தெடுத்த சிறுசிறு மரத்துண்டுகளைக் கோத்து அமைத்தவை. கி.பி. 1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் தச்சுத் தொழிலுக்கெனத் தனி இயல் வகுத்து, அதில் கடைசலையும் குறிப்பிடுகிறார். கடைந்த துண்டுகள் அளவறிந்து இணைக்கப்படும்போது பார்வைக்கு ஒரே மரம்போலத் தோன்றுவதை அவர் வியந்து சொல்கிறார். தலைமை நீதிபதியாய் இருந்தவர் பட்டறையின் வாயிலில் நின்று கவனித்திருக்கிறார் என்பது தெரிகிறது.

நெருப்பு எழுதும் இரு வகை

நானும் ஒரு பட்டறையின் வாயிலில் நின்றேன். திருச்சிப் பெரிய கடைவீதியை அடுத்த சந்து ஒன்றில், மத்து, பூரிக்கட்டை, கட்டில் கால் கடையும் பட்டறை அது. பொறி இப்போது மின்சாரத்தால் சுழல்கிறது. உளி பிடிக்கும் கை மாறவில்லை. கறுப்பு வளையத்தின் இரகசியத்தை அங்கேதான் கண்டேன். சுழலும் மரத்தில் உளிமுனையால் மெல்லிய பள்ளம் ஒன்றைக் கீறிக்கொண்டு, அப்பள்ளத்தில் ஒரு கம்பியை இரு கைகளாலும் இழுத்துப் பிடிக்கிறார். சில நொடிகளில் புகை எழுகிறது. கருகிய மணம் வருகிறது. கம்பியை எடுத்தால் மரத்தைச் சுற்றி மயிரிழை போன்ற கறுப்பு வளையம். வெளியிலிருந்து நெருப்பே வேண்டியதில்லை. உராய்வின் சூடே மரத்தை எரித்து எழுதுகிறது. பூ, கொடி, எழுத்து போன்ற வடிவங்கள் வேண்டுமானால் பொறியை நிறுத்திவிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பு முனையால் கையாலேயே எழுத வேண்டும். இன்று மின்சாரத்தால் சூடேறும் கோல் அவ்வேலைக்கு வந்துவிட்டது.

அரக்கு வேலையும் உராய்வின் சூட்டையே நம்பியது. ஆனால் இங்கே சூடு மரத்தை எரிப்பதில்லை; வண்ணத்தை உருக்குகிறது. சுத்தப்படுத்திய அரக்கை இளஞ்சூட்டில் இளக்கி, வண்ணப்பொடி கலந்து, மாவு பிசைவதுபோல இழுத்தும் மடித்தும் அடித்தும் நிறம் சீராகப் பரவும்வரை பக்குவப்படுத்துவர். பின்னர் அதைக் குச்சிகளாகத் திரட்டி ஆறவிடுவர். வேலையின்போது அக்குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்திப் பிடித்தால் போதும். அரக்கு ஏறத்தாழ 75 முதல் 80 பாகை வெப்பத்தில் இளகக்கூடியது. உராய்வு அந்தச் சூட்டை உடனே தந்துவிடுகிறது. உருகிய அரக்கு மரத்தின் நுண்துளைகளில் இறங்கிப் படிகிறது. உலர்ந்த தாழை மடலால் அதை அழுத்தித் தேய்க்கும்போது பூச்சு சமமாகி மெருகேறுகிறது. தூரிகையின் தடம் இல்லாததற்குக் காரணம், அங்கே தூரிகையே இல்லை என்பதுதான்.

இம்முறையை நம் நாட்டில் பல இடங்களில் காணலாம். தாமிரபரணிக் கரையில், கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடைக்கு அருகிலுள்ள அம்பாசமுத்திரம், தமிழகத்துச் சொப்புச் சாமானுக்குப் பெயர் பெற்றது. ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்கா பொம்மைகள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றன. இயற்கைச் சாயங்களை மீட்டு அவ்வூர்க் கலைக்குப் புத்துயிர் அளித்த சி.வி. ராஜு அவர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கச்சுப் பகுதியின் நிரோனாவில் வில்லும் கயிறும் கொண்டு சுழற்றும் பழைய பொறி இன்றும் வழக்கில் உள்ளது. சிந்து மாநிலத்து ஹாலாவில் பல நிற அரக்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, மேலடுக்கைக் கீறி அடியிலுள்ள நிறத்தைப் பூவாகவும் கொடியாகவும் வெளிக்கொணர்வர். இலங்கையின் மாத்தளைப் பகுதியில் இருவகையும் உண்டு: கடைசலில் ஏற்றும் அரக்கு ஒன்று, இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் பதித்து ஓவியமாக்கும் நகவேலை மற்றொன்று. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இவ்வேலைகளை விவரித்துள்ளார்.

வண்ணக் கலவையின் அளவை எழுதிவைத்த அரிய சான்று ஒன்று முகலாயர் காலத்தது. அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரியில் கட்டடப் பொருள்களின் கணக்குகளைத் தரும்போது, வாயிலில் தொங்கவிடும் மூங்கில் தட்டிகளுக்கு வேண்டிய அரக்கின் அளவையும் தருகிறார். சிவப்புக்கு 4 சேர் அரக்கும் 1 சேர் சாதிலிங்கமும். மஞ்சளுக்கு 4 சேர் அரக்கும் 1 சேர் அரிதாரமும். நீலத்துக்கு 4 சேர் அரக்கும் கால் சேர் அவுரியும். பச்சைக்கு அவுரியோடு அரிதாரமும் சேர்க்க வேண்டும். நம் சொப்புகளின் சிவப்பு, மஞ்சள், பச்சை வரிசைக்கு அடிப்படையான கலவை முறை அக்பர் காலத்தில் அரண்மனைக் கணக்கரின் ஏட்டில் ஏறியிருந்தது. சாதிலிங்கம் பாதரசம் கலந்தது. அரிதாரம் பாஷாண வகை. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு இவை ஆகா. மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்களுக்குத் திரும்பிய இன்றைய முயற்சிகளின் பெருமதிப்பு இதிலிருந்து விளங்கும்.

இரு தீவுகளுக்கிடையே ஒரு செய்தி

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறேன். காவிரி இரு புறமும் பிரிந்தோடி உண்டாக்கிய தீவுகளில் அரங்கநாதர் கோயில்கள் அமைந்துள்ளன. ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் ஸ்ரீரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வைணவர் கூறுவர். அந்த ஆதிரங்கமே ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் தலைநகர். அங்கிருந்து பெங்களூர் செல்லும் வழியில் உள்ளது சென்னபட்டணம். கன்னடத்தில் 'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர், என்று புகழப்படுவது. அவ்வூர்ப் பக்கம் ஓடும் கண்வா ஆறு ஷிம்ஷாவில் கலந்து, ஷிம்ஷா காவிரியில் கலக்கிறது. சென்னபட்டணத்து நீர் இறுதியில் நம் அம்மா மண்டபப் படித்துறைக்கு வந்து சேர்கிறது.

'சென்னபட்டணத்து அரக்குக் கலையைத் திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து உண்டாக்கினார்' என்ற செய்தி எங்கும் வழங்குகிறது. சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. நம் மேடைகள் முழங்குகின்றன. நானும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில் இதை அடித்துச் சொல்லிக் கைத்தட்டல் பெற்றவன்தான்.

பின்னர் ஒருமுறை சென்னபட்டணம் சென்றபோது, முதிய கடைசல்காரர் ஒருவரின் பட்டறைத் திண்ணையில் அமர்ந்து அதே செய்தியை அவரிடமே பெருமையோடு சொன்னேன். அவர் உருதுவில் அமைதியாகக் கேட்டார்: "மௌலவி சாஹிப், இது தங்களுக்கு யார் சொன்னது?" எனக்கு விடை வரவில்லை. ஹதீஸ் பாடத்தில் மாணவர்களை நான் நாள்தோறும் கேட்கும் கேள்வி அது. பிறகு அவரே சொன்னார்: தமக்குத் தொழில் கற்பித்த உஸ்தாத் இன்னார், அவருக்கு இன்னார், அவருக்கு இன்னார். மூன்று பெயர்களோடு அவருடைய சங்கிலி நின்றது. "அதற்குமேல் எனக்குத் தெரியாது. சுல்தான் காலத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்" என்றார்.

நம் முன்னோர் வகுத்த அளவுகோலையே இச்செய்திக்கும் இடுவோம். ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர், இடையில் அறுந்தது, முன்கதிஃ. மத்னு, அதாவது செய்தியின் உட்பொருள், நம்பத் தக்கதா? அதற்கு ஆதரவான நிகழ்ச்சிகள் உண்டு. கைவினைஞர்களை அயல்நாடுகளிலிருந்து வரவழைப்பதில் திப்புவுக்கு இருந்த நாட்டம் ஐயத்துக்கு இடமற்றது. 1786-இல் புறப்பட்டு மறு ஆண்டு இஸ்தான்பூல் அடைந்த அவருடைய தூதுக்குழு தொழில் வல்லுநர்களையும் கோரியது. 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்ட தூதர்கள், திரும்பும்போது பிரெஞ்சுக் கைவினைஞர் சிலரை உடன் அழைத்து வந்தனர். இத்தகைய அரசர் பாரசீகக் கடைசல்காரர்களை அழைத்திருக்கக்கூடும் என்பது பொருந்தும்.

ஆனால் பொருந்துவது வேறு. நிகழ்ந்தது என்று நிறுவுவது வேறு. திப்பு 1799 மே 4-ஆம் நாள் வீரமரணம் எய்திய மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் அவ்வழியே பயணம் செய்தார். அவர் சென்னபட்டணத்தில் கண்டு விவரிக்கும் தொழில்களில் கண்ணாடி வளையல், இசைக்கருவிகளுக்கான எஃகுக் கம்பி, உயர்வகை வெள்ளைச் சர்க்கரை ஆகியவை முதன்மையாக வருகின்றன. கம்பியும் கண்ணாடியும் செய்த ஊரில் நுண்தொழில் மரபு வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது. அரக்குக் கலையின் தோற்றத்தைக் காட்டவில்லை. மேலும், அரக்கும், அதைச் சுழலும் மரத்தில் ஏற்றும் முறையும் சிந்து முதல் மாத்தளை வரை பரவிக் கிடக்க, ஒரே அரசரின் ஓர் ஆணையால் அது பிறந்தது என்று கொள்வது கடினம். ஓர் அரசர் ஆதரித்திருக்கலாம். புதிய உருக்களைக் கொணர்ந்திருக்கலாம். எனவே, இச்செய்தியை இட்டுக்கட்டியது என்று தள்ளவும் கூடாது. ஆதாரப்பூர்வமானது என்று சாதிக்கவும் கூடாது. மரபுச் செய்தி என்ற பெயரோடு சொல்வதே நேர்மை.

இந்த நேர்மை நமக்கு ஏன் வேண்டும்? திருச்சியில் இருந்துகொண்டு திப்புவைப் பற்றிப் பேசுவோர் மற்றொன்றையும் கேட்க நேரும். 1790-இன் இறுதியில் அவருடைய படை திருச்சிராப்பள்ளியின் எல்லைவரை வந்து ஸ்ரீரங்கத் தீவைச் சூறையாடிச் சென்றதாக ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகள் கூறுகின்றன. அதே சுல்தான் தம் கோட்டைக்குள் இருந்த ஆதிரங்கத்துக் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கியதாகவும் பதிவுண்டு. ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது இரு தரப்பாருக்கும் எளிது. நமக்குப் பிடிக்காத செய்திக்கு ஆதாரம் கேட்கும் உரிமை, நமக்குப் பிடித்த செய்திக்கும் ஆதாரம் கேட்பவருக்கே உண்டு.

அரசரின் நிழலில் மறைந்தவர்கள்

திப்புவின் பெயரை முழங்கும்போது நேர்ந்த மற்றொரு பிழை, தொழிலாளியை மறந்தது. சென்னபட்டணத்துப் பொம்மைக் கலையின் தந்தை என்று அவ்வூரார் போற்றுவது பவாஸ் மியான் என்பவரை. ஜப்பானிய அரக்கு வேலை நுட்பங்களை மேற்கொண்டு உள்ளூர்க் கைவினைஞரின் வேலையை உயர்த்திய பெருமை அவருக்குரியது. மேடைகளில் சுல்தானின் பெயரை நூறு முறை கேட்டிருப்போம். பவாஸ் மியானின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சென்னபட்டணத்தார் பெரிதும் பயன்படுத்துவது 'ஆலெ' என்று அவர்கள் அழைக்கும் வெப்பாலை மரம். தந்தம்போன்ற வெண்மையும் நெருங்கிய இழையும் உடையது, உளிக்கு இணங்குவது, வண்ணம் மாறாமல் காட்டுவது. நம் ஊர்களில் அதன் இலையை எண்ணெயில் ஊறவைத்துத் தோல்நோய்க்கு மருந்தாக்குவர். ஏட்டிகொப்பாக்காவிலும் இதே மரந்தான். பொம்மையோடு கிண்ணம், தட்டு, குங்குமச் சிமிழ், தஸ்பீஹ் மணி எனக் கடையக்கூடிய யாவும் அங்கே உருவாகின்றன. முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த பொறிகளில் அமர்ந்து வேலை செய்கிறார்கள்.

கர்நாடக அரசு அங்குள்ள கலாநகரில் 32 கடைசல் பொறிகளுடன் அரக்குக் கலைக் கூடம் ஒன்றை அமைத்தது; நெதர்லாந்து அரசின் நிதியுதவியும் கைவினைஞருக்குக் கிடைத்தது. 2005-இல் தொடங்கிய நிதியாண்டில் சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அப்பதிவின் நடைமுறைப் பயன் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. பொம்மைகளுக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கிய மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பதிவுபெற்ற உற்பத்தியாளருக்கும், கைவினைத் துறையில் பதிவு செய்துகொண்ட கைவினைஞருக்கும் விலக்களிக்கப்பட்டது. சோதனைக் கட்டணம் செலுத்த இயலாத ஒற்றைப் பொறிக்காரர், தம் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்ததால் தொழிலைத் தொடர முடிந்தது. பெயர் எழுதப்படாதவருக்கு அந்த வழி இல்லை.

எழுதப்படாத பெயர் என்றதும் என் குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த முதியவர் சொன்ன மூன்று உஸ்தாதுகளின் பெயர்களை நான் குறித்துக்கொள்ளவில்லை. எழுதுகோலும் தாளும் சட்டைப்பையில்தான் இருந்தன. சுல்தானைப் பற்றி வேறு ஏதேனும் சொல்வாரா என்ற எதிர்பார்ப்பிலேயே இருந்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றபோது அவர் வஃபாத்தாகிவிட்டிருந்தார். பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. அவருடைய மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பாட்டனாரின் உஸ்தாத் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பல்லாயிரம் அறிவிப்பாளர்களின் பெயர், குலம், ஊர், நினைவாற்றல், நேர்மை ஆகியவற்றை ஏடுகளில் காத்த சமுதாயத்தில் பிறந்து, அந்த ஏடுகளையே கற்பித்து ஊதியம் பெறும் நான், என் கண்முன் சொல்லப்பட்ட மூன்று பெயர்களை இழந்தேன்.

நம் ஊர்களில் இத்தகைய தொடர்கள் இன்னும் எத்தனையோ உள்ளன. பத்தமடையில் பாய் நெய்யும் லெப்பைக் குடும்பங்கள், ஊர் ஊராகக் கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடையும் பட்டறைகள், பள்ளிவாசல் கதவுகளைச் செதுக்கிய தச்சர்கள், அவர்களில் நம்மவரும் பிறரும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அறுபது வயது கடந்த கைவினைஞரிடம் சென்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: என்ன செய்கிறீர்கள், எதைக்கொண்டு செய்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையைப் பெயரும் ஊருமாகத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை, மாநாடும் வேண்டியதில்லை.

சென்ற விடுமுறையில் என் மாணவர்கள் ஆறு பேரை இப்பணிக்கு அனுப்பினேன். பெரிய கடைவீதிச் சந்தின் பட்டறைக்காரர் முதல் பெயராகப் பதிவாகியிருக்கிறார். அவருக்குத் தொழில் கற்பித்தவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரி ஒருவர். அந்த ஆசாரி சிறு வயதில் வேலை பழகியது ஒரு பாயின் பட்டறையில். அந்தப் பாயின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஸ்ரீரங்கத்து ஆசாரியின் வீட்டாரைத் தேடிச் சென்று கேட்குமாறு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வல்ல அல்லாஹ் அம்முயற்சியை நிறைவாக்கித் தருவானாக.